பச்சைப் புள்ளியும் பாண் வண்டியும்

லேபிள் அச்சடித்துப் பிழைக்கும் ஆளைச் சுற்றுலாவுக்குக் கூட்டிப் போகவே கூடாது என்பது என் மனைவியின் கட்சி. கோயிலுக்குப் போனாலும் விபூதிப் பொட்டலத்தில் மை தள்ளி விழுந்திருக்கிறதா என்றுதான் பார்ப்பானாம். சிவகாசிக்காரனை வேறு எப்படி எதிர்பார்ப்பது? கொழும்பில் இருந்த ஐந்து நாளும் அவள் சொன்ன மாதிரியே நடந்துகொண்டேன்.

வெள்ளவத்தையில் எங்கள் அச்சகத்தின் நெடுநாள் வாடிக்கையாளர் வீட்டில் தங்கினோம். முதல் நாள் விடிந்தும் விடியாமலும் தெருவில் பீத்தோவன். 1810-இல் எழுதிய 'ஃபூர் எலிஸ்'. பெயர் தெரியாவிட்டாலும் மெட்டு தெரியும். நம் பக்கம் சில கார்கள் பின்னால் நகரும்போது பாடுமே, அதுதான். "யாரோ ரொம்ப நேரமா ரிவர்ஸ் எடுக்கிறாங்க" என்றாள் மனைவி, போர்வைக்குள்ளிருந்து. எட்டிப் பார்த்தேன். ஆட்டோ. பின்பக்கம் கண்ணாடிப் பெட்டி, அது நிறைய ரொட்டி. 'சூன் பாண்' என்கிறார்கள். ட்யூன்தான் சூன் ஆகிவிட்டது. பாண் என்பது போர்த்துக்கீசியர் விட்டுப்போன சொல்.

வண்டியில் பேக்கரியின் பெயர் எழுதியிருந்ததா என்று எவ்வளவு யோசித்தும் நினைவுக்கு வரவில்லை. வாங்க வந்தவர்களும் அதைப் பார்த்த மாதிரி இல்லை. பாட்டு கேட்டது, பையோடு இறங்கினார்கள், அவ்வளவுதான். பெயர் கண்ணில் படவேண்டும் என்பதற்காகத் தங்க ஃபாயில் வரை ஒட்டித் தருகிற தொழில் என்னுடையது. கொஞ்சம் குத்தியது.

பெட்டிக்குள்ளும் எழுத்து கிடையாது. நண்பர் சொல்லித் தந்தார்: "முக்கோணப் பணிஸ் எண்டால் உள்ளுக்கு மீன், அண்ணை. வட்டமெண்டால் சீனிச் சம்பல். அந்த நீட்டு, சீனி தூவினது, கிம்புலா." பணிஸ் என்றால் நம் பன். சீனிச் சம்பல், சீனி போட்டு வதக்கிய வெங்காயம். கிம்புலா என்றால் சிங்களத்தில் முதலை. உருவமே லேபிள்! மனைவி சுத்த சைவம்; முக்கோணத்தைத் தொடக்கூடாது என்று மனப்பாடம் செய்துகொண்டாள். மாலையில் ஒரு கடையில் முக்கோணமாக மடித்த ரொட்டியைப் பார்த்ததும் பயந்து விலகினாள். "ஐயோ அக்கா, அது மரக்கறி ரொட்டி. பணிஸுக்குத்தான் அந்தக் கணக்கு" என்று நண்பர் சிரித்தார். சரி, எந்த மொழியிலும் விதிவிலக்கு உண்டு.

அடுத்த நாள் சூப்பர் மார்க்கெட்டில் இதைவிடப் பெரிய குழப்பம். வழக்கம்போல மனைவி பச்சைப் புள்ளியைத் தேடினாள். குளிர்பான வரிசையில் கிடைத்தும்விட்டது. ஆனால் பக்கத்துப் பாட்டிலில் சிவப்புப் புள்ளி. "இஞ்சி பியர்ல என்னங்க அசைவம்?" நியாயமான கேள்வி. நம் நாட்டில் பச்சைப் புள்ளி என்றால் சைவம். இலங்கையில் அது சீனியின் அளவு. 2016-இல் கொண்டுவந்த விதி: 100 மில்லிலீட்டரில் 11 கிராமுக்கு மேல் சீனி இருந்தால் சிவப்பு, 2 கிராமுக்குக் கீழே என்றால் பச்சை, நடுவில் மஞ்சள். ஒரே வட்டம், ஒரே நிறம், கடலைத் தாண்டியதும் வேறு அர்த்தம். இருந்தாலும் இந்தச் சிவப்புப் புள்ளி எனக்குப் பிடித்திருந்தது. சத்து விவரங்களை நான்கு பாயிண்ட் எழுத்தில் பாட்டிலின் முதுகில் ஒளித்துவைக்கிற வேலையை நாங்களே செய்து கொடுத்திருக்கிறோம். இங்கே அது முகத்திலேயே நிற்கிறது. மனைவி கையிலிருந்த பாட்டிலைத் திருப்பி வைத்துவிட்டாள். நான் எடுத்துக்கொண்டேன். 1866 முதல் இருக்கும் எலிபன்ட் ஹவுஸின் இஞ்சி பியரைக் குடிக்காமல் ஊர் திரும்ப முடியுமா?

பொட்டலங்களில் மூன்று எழுத்துகள்: சிங்களம், தமிழ், ஆங்கிலம். ஒரு சோப்பு உறை அகலத்தில் மூன்றையும் அடக்குவது எவ்வளவு பாடு என்று எனக்குத் தெரியும். இடிபடுவது பெரும்பாலும் தமிழ்தான். ஒரு பிஸ்கட் பொட்டலத்தில் ஒற்றைக் கொம்பு எழுத்துக்கு முன்னால் வராமல் பின்னால் போய் நின்றது. பக்கம் வடிவமைக்கும் இன்டிசைன் மென்பொருளில், இந்திய எழுத்துகளைச் சரியாகக் கோக்கும் வேர்ல்ட் ரெடி கம்போசரைத் தேர்வு செய்யாமல் தமிழை ஒட்டினால் இப்படித்தான் சிதறும். இரண்டு சொடுக்கில் தீரும் விஷயம். ப்ரூஃப் பார்த்தவருக்குத் தமிழ் தெரியாது, தெரிந்தவரிடம் காட்டவும் இல்லை. கம்பெனியின் பெயர் வேண்டாம். எங்கள் அச்சகத்திலும் இந்தக் கொம்பு முறிந்திருக்கிறது.

அப்புறம் 100-ஆம் நம்பர் பஸ்ஸில் புறக்கோட்டை போனோம். இரண்டாம் குறுக்குத் தெருவில் சிவப்பும் வெள்ளையும் வரிவரியாக ஓடும் சம்மாங்கோட்டுப் பள்ளிவாசல், 1909-இல் கட்டி முடித்தது. துறைமுகத்துக்கு வரும் மாலுமிகள் அதை அடையாளமாக வைத்துக்கொண்டார்களாம். இதைவிடப் பெரிய லோகோவை நான் பார்த்ததில்லை.

பக்கத்திலேயே ஒரு பழைய தேநீர்க் கடை. உட்கார்ந்ததுமே, நாங்கள் வாய் திறப்பதற்குள், ஒரு தட்டு வந்தது: ரோல்ஸ், கட்லட், வடை என்று குவியலாக. 'இவ்வளவு கேட்கவில்லையே' என்று பதறினேன். மேசைக்கு மேசை அதே தட்டு. வேண்டியதைச் சாப்பிட்டுவிட்டு மீதியை விட்டுவிடலாம். எழும்பும்போது குறைந்ததை எண்ணிப் பில் போடுவார்கள். நீங்கள் எத்தனை சாப்பிட்டீர்கள் என்று யாரும் கேட்பதில்லை. மெனு இல்லாததால் எனக்குச் சிங்களம் தெரியாததும் ஒரு குறையாகத் தெரியவில்லை. நான்கு பேர் தொட்ட தட்டு என்ற கூச்சம் முதல் கட்லட் வரைதான் இருந்தது. அன்றைக்கே கொள்ளுப்பிட்டியில் ஒரு நவீன காபிக் கடையில் மெனுவுக்குப் பதில் மேசைமேல் க்யூஆர் கட்டம் மட்டும். என் போனில் டேட்டா இல்லை. எழுந்து வந்துவிட்டோம்.

மாலை காலிமுகத்திடல் கடற்கரையில் இறால் வடை. பருப்பு வடையின் மேலே முழு இறால்கள், தலையும் மீசையுமாக. வடைக்குள் வைத்து மறைத்திருந்தால் இறால் உண்டா என்று பிட்டுப் பார்த்தால்தான் தெரியும். மனைவிக்கும் கேள்வி கேட்க வேண்டியிருக்கவில்லை. பத்தடி தள்ளியே நின்றாள்.

கடைசி நாள் காலை. மெட்டு கேட்டதும் எனக்கு முன்பே அவள் எழுந்து பையோடு ஓடினாள். மூன்று வட்டம், ஒரு முதலை. நான்கு நாளாக இதே கணக்குதான். தட்டில் எடுத்து வைப்பதைப் பார்த்துக்கொண்டிருந்த நண்பரின் அம்மா, "பிள்ளை, நீ சைவமெண்டெல்லோ இவன் சொன்னவன்?" என்றார்.

"ஆமாம்மா. வட்டத்துல வெங்காயம்தானே?"

"வெங்காயம்தான். ஆனால் மாசிக் கருவாடும் போடுவினம். மாசி போடாமல் சீனிச் சம்பலில என்ன ருசி?"

மனைவி என்னைப் பார்த்தாள். நான் முதலையை அவள் பக்கம் நகர்த்தினேன்.