கொடிநாள் வசூலுக்குப் புறப்படும் முன்

டிசம்பர் 7 கொடிநாளுக்காக எங்கள் பகுதியில் நிதி திரட்டும் பொறுப்பை நானே விரும்பி ஏற்றிருக்கிறேன். கடைத்தெருவில் உண்டியலை நீட்டினால் பலரும் கேட்பது ஒரே கேள்விதான்: "பட்டாளத்துக்காரர்களுக்குத்தான் பென்ஷன் வருகிறதே, பிறகு எதற்கு வசூல்?" நியாயமான கேள்வி. அதற்குப் பொறுமையாக விடை சொல்லத் தெரிந்தவர்களே வசூலுக்கு வர வேண்டும் என்பது என் எண்ணம்.

சிப்பாயாகச் சேர்ந்த ஒருவர் பணி ஓய்வூதியம் பெற, பொதுவாக 15 ஆண்டுகள் பணியாற்றியிருக்க வேண்டும். குடும்பச் சூழலாலோ வேறு காரணத்தாலோ அதற்கு முன்பே ஊர் திரும்பியவர்கள், எல்லையில் எத்தனை குளிர்காலங்களைக் கழித்திருந்தாலும், முதுமையில் அந்த மாத வருமானம் இல்லாமலே வாழ்கிறார்கள். அவர்கள் மறைந்தபின் மனைவியரின் நிலை இன்னும் கடினம். இத்தகையோரில் ஹவில்தார் வரையிலான பதவிகளில் இருந்து, 65 வயதைக் கடந்து, வறுமையில் வாடுபவர்களுக்கு மத்திய முன்னாள் படைவீரர் வாரியம் மாதந்தோறும் வழங்கும் உதவித்தொகை கொடிநாள் நிதியைச் சார்ந்தே நடக்கிறது. 4,000 ரூபாயாக இருந்த அத்தொகையை 2025ஆம் ஆண்டில் 8,000 ரூபாயாக உயர்த்தியிருப்பது எனக்கு மிகுந்த மகிழ்ச்சி தருகிறது.

1949 ஆகஸ்ட் 28 அன்று பாதுகாப்பு அமைச்சரின் தலைமையிலான குழு கொடிநாளை ஆண்டுதோறும் கடைப்பிடிக்க முடிவு செய்தபோது, மக்களிடம் சிறு கொடிகளை வழங்கி நன்கொடை பெறுவதையே வழியாகக் கொண்டது. முப்படைகளைக் குறிக்கும் சிவப்பு, கருநீலம், வெளிர்நீலம் கொண்ட அந்தக் கொடியைச் சட்டையில் குத்திவிடும்போது, பணம் யாருக்குப் போகிறது என்பதையும் இரண்டு வாக்கியங்களில் சொல்ல வேண்டும் என்று உடன் வரும் கல்லூரி மாணவர்களிடம் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

பணத்தைக் கையாள்வதில் தளர்வே கூடாது. உண்டியலுக்கு முத்திரை, பெருந்தொகைக்கு ரசீது, மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் பலர் முன்னிலையில் எண்ணிக்கை. இவற்றில் ஒன்று குறைந்தாலும் அடுத்த ஆண்டு கேட்கும் தகுதியை இழந்துவிடுவோம்.

வீடு வீடாகச் செல்லும்போது, உதவித்தொகைக்குத் தகுதி இருந்தும் விண்ணப்பிக்காத முதியவர்களைச் சந்திக்க நேரலாம். ஆகவே இம்முறை உண்டியலோடு, விண்ணப்பிக்கத் தேவையான ஆவணங்களின் பட்டியலையும் எடுத்துச் செல்கிறோம். படைவிலகல் சான்றைத் தேடி எடுப்பதிலிருந்து அலுவலகத்துக்கு அழைத்துச் செல்வது வரை உடன் நிற்க இருவர் முன்வந்திருக்கிறார்கள்.