"நார்மலா, இல்லையா? ஒரே வார்த்தைல சொல்லுங்க மேடம்"

கவர்மென்ட் ஆஸ்பத்திரி மனநல ஓபில சைக்காலஜிஸ்ட்டா உக்காந்தா அதிகமா காதுல விழற கேள்வி இதுதான். கேக்கறது பேஷன்ட் இல்ல, கூட வந்தவங்க. பேஷன்ட் பெரும்பாலும் ஃபேனையே பாத்துட்டு இருப்பாரு.

காலேஜ்ல இதுக்கு நாலு அளவுகோல் சொல்லித் தருவாங்க: வழக்கத்துல இருந்து விலகுறது, மனவேதனை, அன்றாட வாழ்க்கை கெட்டுப்போறது, தனக்கோ அடுத்தவங்களுக்கோ ஆபத்து. பரீட்சைல நாலையும் எழுதினா ஃபுல் மார்க்கு. ஆனா ஓபிக்கு ஆளைக் கூட்டிட்டு வர்றவங்க பாதிப்பேரு முதல் காரணத்தை மட்டும் பிடிச்சிட்டுதான் வர்றாங்க, என்னைக் கேட்டா நாலுல ரொம்ப நோஞ்சான் அளவுகோல் அதுதான். நல்ல வேலைல இருக்கற ஒரு பொண்ணை, கல்யாணமே வேணாங்குறா, மூளைக்குள்ள ஏதோ ஆயிடுச்சுன்னு அம்மாவும் மாமாவும் கூட்டிட்டு வந்தாங்க. தூக்கம், சாப்பாடு, வேலை, ஃப்ரண்ட்ஸ்னு எல்லாம் கேட்டாச்சு, எதுலயும் குறை இல்ல, வேதனைல இருந்ததே அந்த அம்மாதான். "அப்ப மாத்திரை கிடையாதா?"ன்னு மாமாக்கு ஒரே ஏமாற்றம். 2017 மனநலப் பராமரிப்புச் சட்டம் 3வது பிரிவுலயே இருக்கு, ஊரோட ஒழுக்க, கலாச்சார, மத நம்பிக்கைக்கு ஒத்துப்போகலங்கறதை வச்சு ஒருத்தரை மனநோயாளின்னு முடிவு பண்ணக்கூடாதுன்னு. சும்மா எழுதி வைக்கல. 1851ல அமெரிக்காவுல கார்ட்ரைட்னு ஒரு டாக்டர், தப்பி ஓடுற அடிமைகளுக்கு ஓடறதே ஒரு வியாதின்னு பேர் வச்சாரு. ஓரினச்சேர்க்கைய அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் நோய்ப் பட்டியல்ல இருந்து எடுத்தது 1973லதான்.

சாமி ஆடறதையே எடுத்துக்கோங்க. ஆடிக் கொடைல ஆடி முடிச்சு, எல்லாருக்கும் விபூதி பூசிட்டு, மறுநாள் காலைல நூறு நாள் வேலைக்குப் போற அக்காவுக்கு நான் என்னத்த எழுதறது? மனநோய்களை வகைப்படுத்தி வச்சிருக்கற டிஎஸ்எம் புத்தகமே, அந்த சமூகம் ஏத்துக்கிட்ட சமய வழக்கம்னா கோளாறுல சேக்காதன்னுதான் சொல்லுது.

இதுக்கு நேர் எதிரா ஒரு பையன். பிரஷர் மாத்திரை வாங்க வந்த பாட்டி, துணைக்கு வந்த பேரனை போற போக்குல என்கிட்ட காட்டிட்டுப் போவோம்னு கூட்டிட்டு வந்தாங்க. "தங்கமான புள்ள தாயி, யாரு வம்புக்கும் போகமாட்டான், என்ன, கொஞ்சம் மெலிஞ்சிட்டான்." சட்டைக் காலர் கருத்துப் போயிருக்கு, நகம் வெட்டி ரொம்ப நாளு, போன் கேமரா மேல பிளாஸ்திரி ஒட்டியிருக்கு. நோய் இருக்கா, பயம் இருக்கான்னெல்லாம் கேக்காம, நேத்து காலைல எந்திரிச்சதுல இருந்து என்ன பண்ணீங்க தம்பின்னு கேட்டேன். எந்திரிக்கவே இல்லையாம், தூங்கினாத்தானே எந்திரிக்க, போன் வழியா போலீஸ் பாக்குதாம். பாலிடெக்னிக் பக்கம் போயி மாசக்கணக்காச்சு. யாருக்கும் தொந்தரவு இல்லாததால அதுவரைக்கும் யாருமே கூட்டிட்டு வரல. அன்னைக்கே சைக்யாட்ரிஸ்ட் கிட்ட அனுப்பியாச்சு, மாத்திரை ஆரம்பிச்சாங்க.

மனநலம்னா நோய் இல்லாம இருக்கறது மட்டுமான்னு இன்னொரு பெரிய கேள்வி இருக்கு. 1958லயே மேரி யஹோடாங்கற சைக்காலஜிஸ்ட் அதைத் திருப்பிப் போட்டுப் பாத்தாங்க, தன்னைப் பத்தின தெளிவு, சொந்தமா முடிவெடுக்கறது, நெஜத்தை நெஜமா பாக்கறது, சூழ்நிலைய சமாளிக்கறதுன்னு நல்லா இருக்கறதுக்கான அடையாளங்களை அடுக்கினாங்க. அந்தக் கல்யாணம் வேணாங்குற பொண்ணு இதுல டிஸ்டிங்ஷன் வாங்கிடுவா. ஆனா எங்க கேஸ் ஷீட்ல இதுக்கெல்லாம் ஒரு கட்டமே கிடையாது. காதுல குரல் கேக்குதா, சந்தேகம் உண்டா, எல்லாத்துக்கும் இடம் இருக்கு.

அதனால நான் அடில ஓரமா பேனாவுல எழுதி வச்சிடுவேன். பல வருஷமா குரல் கேட்டுட்டு இருக்கற ஒருத்தர் ஷீட்ல "நாலு மாடு பாக்கறார், பால் கணக்கு மனசுலயே சரியா போடறார்"னு எழுதினேன். புதுசா வந்த டாக்டர் இது எதுக்கு இங்கன்னு கேட்டாங்க. அடுத்த விசிட்ல அவங்களே, மாத்திரைய பத்தி பேசறதுக்கு முன்னாடி, "மாடு இப்ப எத்தனை லிட்டர் கறக்குது?"ன்னு அவர்கிட்ட கேட்டாங்க, அவரும் உக்காந்து சாவகாசமா சொன்னாரு.