தொப்பூர் மலையில் ஒரு பெருங்காய டப்பா

ஜியோகேச்சிங் என்றால் வீட்டில் இன்னும் யாருக்கும் பிடிபடவில்லை. யாரோ ஒளித்துவைத்த டப்பாவை ஜிபிஎஸ் வைத்துத் தேடுவது, உள்ளே இருக்கும் தாளில் பெயர் எழுதிவிட்டு அதே இடத்தில் வைத்துவிட்டு வருவது, அவ்வளவுதான். "இதுக்கா பெட்ரோல் போட்டுட்டுப் போற?" என்று அம்மா கேட்பது நியாயம்தான். 2000 மே 2 அன்று அமெரிக்க அரசு ஜிபிஎஸ் சிக்னலில் வேண்டுமென்றே கலந்திருந்த பிசகை நீக்கியது. மறுநாளே ஓரிகனில் ஒருவர் காட்டில் பக்கெட்டை ஒளித்துவைத்து இதை ஆரம்பித்துவிட்டார்.

போன ஞாயிறு சேலம் சூரமங்கலத்திலிருந்து பைக்கில் கிளம்பி, ஓமலூர் தாண்டி, தொப்பூர் ஏற்றத்தில் லாரிகளுக்குப் பின்னால் ஊர்ந்தேன்.

இந்த மலைப் பக்கம்தான் 2021 நவம்பர் 12, விடியற்காலை நாலு மணிக்குச் சற்று முன்பு தொப்பூருக்கும் சிவாடிக்கும் நடுவில் கண்ணூர்–யஷ்வந்த்பூர் எக்ஸ்பிரஸ் மேல் பாறைகள் உருண்டு விழுந்தன. பெட்டிகள் தடம் புரண்டன. வண்டியில் இருந்த 2,348 பேருக்கும் உயிருக்கு ஒன்றும் ஆகவில்லை. ரயில் விபத்து என்றாலே தாத்தாவுக்கு 1956 அரியலூர்தான்: மருதையாற்று வெள்ளம், பாலம், லால் பகதூர் சாஸ்திரியின் ராஜினாமா. தொப்பூரைச் சொன்னால், "யாரும் சாகலைல்ல?" என்று கேட்டுவிட்டுப் பேப்பருக்குத் திரும்பிவிடுவார்.

தண்டவாளத்தை ஒட்டி டப்பா வைக்கக் கூடாது என்பது இந்த விளையாட்டின் விதி. அதனால் இது ரொம்பத் தள்ளி, ஆடு மேய்க்கிற ஒற்றையடிப் பாதையில் இருந்தது. மலைச்சரிவில் ஜிபிஎஸ் அம்பு ஒரு நிமிஷம் இங்கே, மறு நிமிஷம் அங்கே. முக்கால் மணி நேரம் கல் கல்லாகப் புரட்டிக்கொண்டிருந்தேன்.

"தம்பி, என்ன தேடுறீங்க?"

தோளில் சுத்தியல், ஸ்பேனர். வேலை முடிந்து திரும்பும் கீமேன்; தண்டவாளத்தை இறுக்கிப் பிடிக்கும் இரும்புச் சாவிகளை நடந்தே சரிபார்க்கும் ரயில்வே ஊழியர். மென்று விழுங்கிச் சொன்னேன்.

"அந்த டப்பாவா? வேப்பமரத்துக்குப் பின்னால பாருங்க. ஆட்டுக்காரப் பசங்க எடுத்து எடுத்து வைப்பானுங்க."

இருந்தது. பழைய பெருங்காய டப்பா. திறந்ததும் சாம்பார் வாசம். தாள் ஈரத்தில் ஊறி, முன்னால் வந்தவர்களின் பெயரெல்லாம் நீலமாகக் கரைந்திருந்தது.

"அண்ணே, இங்க தினம் நடக்கப் பயமா இருக்காதா?"

"கீழ சாவியப் பாக்கணும், மேல பாறையப் பாக்கணும். கழுத்துதான் வலிக்கும். மழை விட்ட மறுநாள் ரெண்டு தடவ பாப்பேன்."

என் பெயரை எழுதியதும் பேனாவை வாங்கிக்கொண்டார். பெயர் எழுதவில்லை. தேதியைப் போட்டு, பக்கத்தில் எழுதினார்: மழை இல்லை.