சிபி2: மாடல் சரி, ஆடிட் டிரெயில்தான் காலை வாரியது

ஆக்சுவரி (காப்பீடு, ஓய்வூதியம் போன்றவற்றின் நிதி அபாயத்தைக் கணக்கிடுபவர்) ஆவதற்கான தேர்வுகளில் ஒன்று சிபி2. முதல் தடவை அதை எழுதிவிட்டு வந்தபோது என் மாடல் ஒழுங்காக ஓடியது, எண்களும் சரி என்றே இன்றும் நம்புகிறேன், ஆனாலும் ஃபெயில். பிரிட்டனின் ஆக்சுவரிகள் அமைப்பான ஐஎஃப்ஓஏ நடத்தும் இந்தத் தேர்வில் முதல் தாளில் எக்செல் மாடல் கட்டி, கூடவே ஆடிட் டிரெயிலும், அதாவது மாடலில் என்ன செய்தோம், ஏன் செய்தோம் என்ற விளக்கக் குறிப்பும், எழுத வேண்டும். அதைச் சக மாணவர் ஒருவர் படித்துப் படிப்படியாகச் சரிபார்ப்பார், மூத்த ஆக்சுவரி ஒருவர் அலசிப் பார்த்து ஒப்புதல் தருவார் என்று நினைத்து எழுத வேண்டும். நானோ மாடலை முழுசாக முடித்துவிட்டு, கடைசி அரை மணி நேரத்தில் நினைவிலிருந்து எழுதினேன்.

எழுதியதெல்லாம் 'பி5-ஐ சி5-ஆல் பெருக்கியிருக்கிறேன்' மாதிரிதான். அது செல்லைத் தொட்டாலே தெரியும். பிரீமியம் ஆண்டுத் தொடக்கத்தில் வருகிறது என்று எடுத்துக்கொண்டேனே, அதையும் அதற்கான காரணத்தையும் எங்கேயும் சொல்லவில்லை. சின்ன விஷயம் இல்லை இது: ஆண்டுக்கு 1,000 வீதம் 10 ஆண்டு, வட்டி 4% என்றால், தொடக்கத்தில் வந்தால் இன்றைய மதிப்பு 8,435, முடிவில் வந்தால் 8,111. வட்டியை 0% ஆக்கிப் பார்க்கும் வழக்கமான சோதனையில் இரண்டுமே 10,000 என்றுதான் வரும், அதாவது இந்தத் தவறு அந்தச் சோதனையில் சிக்கவே சிக்காது. நாம் எழுதி வைத்தால்தான் பார்ப்பவர் பிடிக்க முடியும்.

இரண்டாவது தடவைக்குத் தயாரானபோது ஒரு ஷீட் முடிந்ததும் அதற்கான பத்தியை அப்போதே எழுதி முடிக்காமல் அடுத்த ஷீட்டைத் திறப்பதில்லை என்று வைத்துக்கொண்டேன். ஆரம்பத்தில் எரிச்சலாக இருந்தது, வேகமும் குறைந்தது. ஆனால் எழுதும்போதே தப்புகள் கண்ணில் பட ஆரம்பித்தன. ஒரு ஃபார்முலாவை ஏன் இப்படிப் போட்டேன் என்று எழுத முடியவில்லை என்றால் பெரும்பாலும் அந்த ஃபார்முலாதான் தப்பாக இருந்தது. 0.04-ஐ ஃபார்முலாவுக்குள் நேரடியாகப் போடுவதையும் விட்டேன், அனுமானங்கள் எல்லாம் தனி ஷீட்டில். டேட்டா சோதனையில் ஒரே பாலிசி எண் இரண்டு முறை வந்திருக்கிறதா, பிறந்த தேதிக்கு முன்பே பாலிசி தொடங்கியிருக்கிறதா என்று பார்த்ததை, எதுவும் அகப்படாவிட்டாலும் எழுதினேன், ஏனென்றால் எழுதாத சோதனை படிப்பவரைப் பொறுத்தவரை செய்யாத சோதனைதான்.

அப்புறம், எனக்கு மிகவும் உதவியது இதுதான்: கூடப் படிக்கும் தோழியிடம் ஃபைலைக் கொடுக்காமல் ஆடிட் டிரெயிலையும் டேட்டாவையும் மட்டும் கொடுத்து, மாடலை நீயே கட்டிப் பார் என்றேன். முதல் முறை மூன்றாவது பத்தியிலேயே நின்று "வயதை எந்தத் தேதியில் கணக்கிட்டாய்?" என்று கேட்டாள். அவள் கேட்ட ஒவ்வொரு கேள்விக்கும் ஒரு வரி சேர்த்தேன். நான்காவது பயிற்சித் தாளில் எதுவும் கேட்காமல் என் எண்ணையே கொண்டுவந்து காட்டினாள். அடுத்த சிட்டிங்கில் பாஸ்.