மிக்ஸ் சிடியில் இடைவெளி விழுகிறதா? கோப்பை வெட்டாதீர்கள்

ஒரு மணி நேர மிக்ஸை ஆடியோ சிடியாக ரைட் செய்து காரில் போட்டால், பாட்டு பாட்டோடு கலக்கும் இடத்தில் இரண்டு விநாடி மௌனம். அல்லது மௌனம் இல்லை, 'டக்' என்று ஒரு சத்தம். பழி வழக்கம்போல டிரைவ் மேலோ மலிவு டிஸ்க் மேலோ விழும். பெரும்பாலும் இரண்டும் நிரபராதிகள். மிக்ஸைப் பாட்டுப் பாட்டாக நறுக்கித் தனித்தனிக் கோப்பாக்கியதில்தான் வினை. சுருக்கப்படாத ஒரே வேவ் கோப்பு, பக்கத்தில் எந்தப் பாட்டு எங்கே தொடங்குகிறது என்று சொல்லும் ஒரு சின்ன கியூ ஷீட், இவ்வளவே தேவை.

ஆடியோ சிடியில் 'கோப்பு' என்ற சமாச்சாரமே கிடையாது. முதலிலிருந்து கடைசி வரை ஒரே ஒலி ஓட்டம். எந்த டிராக் எங்கே தொடங்குகிறது என்பதை டிஸ்க்கின் உள்விளிம்பில் உள்ள அட்டவணை சொல்கிறது. அந்த அட்டவணை விநாடியை 75 ஃப்ரேமாகப் பிரித்து எண்ணும். 44.1 கிலோஹெர்ட்ஸ், 16 பிட், ஸ்டீரியோவில் ஒரு ஃப்ரேமுக்கு 588 சாம்பிள் (ஒலியை அளந்து பதிந்த புள்ளி), அதாவது 2352 பைட். டிராக்கின் தொடக்கம் ஃப்ரேம் எல்லையில்தான் விழ முடியும். 588-ஆல் மீதியின்றி வகுபடாத இடத்தில் கோப்பை நறுக்கினால், கடைசி ஃப்ரேமில் மிஞ்சிய இடத்தை மென்பொருள் பூஜ்யத்தால் நிரப்பிவிடும். விநாடியில் 75-ல் ஒரு பங்குகூட வராத மௌனம்தான். ஆனாலும் பேஸ் அதிர்ந்துகொண்டிருக்கும்போது நடுவில் விழுந்தால் 'டக்' என்று கேட்கும்.

எம்பி3-யாக நறுக்கினால் இன்னும் மோசம். எம்பி3 ஒலியை 1152 சாம்பிள் கட்டுகளாகச் சேமிக்கிறது. தொடக்கத்தில் என்கோடரும் டிகோடருமாகச் சேர்ந்து ஆயிரம் சாம்பிளுக்கு மேல் வெற்றொலி சேர்க்கும். கடைசிக் கட்டை நிரப்ப இறுதியிலும் கொஞ்சம் சேரும். அதைக் கழித்துவிடும் மென்பொருள்கள் உண்டு, ஆனால் நம்பி இறங்க வேண்டாம். மிக்ஸை வேவ் ஆகவோ, தரம் குறையாமல் சுருக்கும் ஃப்ளாக் ஆகவோ வைத்திருங்கள். கையில் இருப்பது ஒற்றை எம்பி3 மட்டும்தான் என்றால், முழுதாக ஒரே வேவ் ஆக்கிவிட்டுத் தொடங்குங்கள். இழந்த தரம் திரும்பாது, இணைப்புகளாவது தப்பிக்கும்.

வேவ் 44.1 கிலோஹெர்ட்ஸ், 16 பிட்டாக இருக்க வேண்டும். வீடியோவிலிருந்து எடுத்த ஒலி பெரும்பாலும் 48-ல் இருக்கும். டிராக் தொடங்கும் இடங்களுக்குக் குறிகள் வைக்கும் முன்பே மாற்றிவிடுங்கள். 24 பிட்டிலிருந்து 16-க்கு இறக்கும்போது டிதர் (பிட் குறைவதால் வரும் சிதைவை மறைக்கச் சேர்க்கும் மெல்லிய இரைச்சல்) ஒரே ஒரு முறை. ஏற்கெனவே 16 பிட்டில் இருந்து, வேறெதுவும் மாற்றவில்லை என்றால் டிதரை அணைத்துவிடுங்கள். உச்ச ஒலியளவு பூஜ்யத்துக்கு ஒரு டெசிபல் கீழே நின்றால் போதும். மிக்ஸ் தொடங்கும் முன் கால் விநாடி மௌனம் விடுங்கள், சில பிளேயர்கள் முதல் டிராக்கின் முதல் தாள அடியை விழுங்கிவிடும். முடிவிலும் ஒரு விநாடி விடலாம்.

80 நிமிட மிக்ஸின் வேவ் 84 கோடி பைட்டைத் தாண்டும். டிஸ்க் மேலோ 700 எம்பி என்று அச்சிட்டிருக்கும். இதைப் பார்த்துப் பயந்து மிக்ஸைச் சுருக்குகிறவர்கள் உண்டு. தேவையில்லை. டேட்டா சிடியில் ஒரு செக்டருக்கு 2048 பைட்தான் பயனுக்கு, மீதி பெரும்பாலும் பிழை திருத்தத்துக்குப் போய்விடும். ஆடியோவில் 2352-ம் ஒலிக்கே. ஆக, பார்க்க வேண்டியது எம்பி இல்லை, நிமிடம். 79 நிமிடம் 40 விநாடிக்குள் அடக்குங்கள். ஓவர்பர்ன் செய்து, அதாவது டிஸ்க்கின் அளவைத் தாண்டி எழுதி, 82 நிமிடம் திணிப்பது சூதாட்டம். கடைசிப் பாட்டைத்தான் பணயம் வைக்கிறீர்கள்.

இனி குறி வைப்பது. மிக்ஸில் இரண்டு பாட்டு அரை நிமிடம்கூட ஒன்றன்மேல் ஒன்றாக ஓடும். புதிய பாட்டு மெல்லத் தலைகாட்டும் இடத்தில் குறி வைத்தால், பட்டனை அமுக்கியவருக்கு இன்னும் முப்பது விநாடி பழைய பாட்டுதான் கேட்கும். பேஸ் கைமாறி புதிய பாட்டு மேலெழும் முதல் அடியில் வையுங்கள். சரியாக அடியின் மேல் வேண்டாம், மூன்று முதல் ஐந்து ஃப்ரேம் முன்னால். தாவி வரும்போது பிளேயர் ஒலியைத் திறக்கச் சற்றுத் தாமதிக்கும், அடியின் தலை வெட்டுப்படும். நான்கு விநாடிக்குக் குறைவான டிராக் சிடி விதிப்படி கூடாது, ஆகவே குட்டி ஜிங்கிளுக்குத் தனி எண் கொடுக்காதீர்கள். மொத்தம் 99 டிராக் வரை போகலாம், இந்த வேலைக்கு அது தாராளம்.

ஆடாசிட்டி என்ற ஒலித் தொகுப்பு மென்பொருளில் மிக்ஸை ஓடவிட்டு, இடம் வந்ததும் கன்ட்ரோல், எம் சேர்த்து அமுக்கினால் லேபிள் விழும். பிறகு பெரிதாக்கிப் பார்த்து நகர்த்திச் சரிசெய்யலாம். லேபிள்களை ஏற்றுமதி செய்தால் விநாடிக் கணக்கு தசமத்தில் வரும். பலர் சறுக்கும் இடம் இதுதான். 205.40 விநாடி என்றால் 3 நிமிடம் 25 விநாடி, மிச்சம் 0.40. இதை 75-ஆல் பெருக்கினால் 30 ஃப்ரேம். கியூ ஷீட்டில் 03:25:30 என்று எழுத வேண்டும். அவசரத்தில் 03:25:40 என்று எழுதினால் குறி 10 ஃப்ரேம் தள்ளிப்போகும். நிமிடத்துக்கு 120 அடி ஓடும் பாட்டில் அது கால் அடிக்கும் மேல். பெருக்கிய விடை தசமத்தில் வந்தால் கீழே இறக்குங்கள், மேலே ஏற்றாதீர்கள். கடைசி இரண்டு இலக்கம் 74-ஐத் தாண்டவே கூடாது. ஒரு மணி நேரம் கடந்தாலும் நிமிடமாகவே எண்ண வேண்டும்: 72:10:00 சரி, 1:12:10 தவறு.

கியூ ஷீட் வெறும் உரைக் கோப்பு. முதலில் ஃபைல் என்ற சொல், நேர் மேற்கோள் குறிக்குள் கோப்பின் பெயர், பிறகு வேவ். அடுத்து ஒவ்வொரு பாட்டுக்கும் 'டிராக் 01 ஆடியோ' என ஒரு வரி, அதன் கீழே தலைப்பு, அதற்கும் கீழே 'இன்டெக்ஸ் 01' என்று எழுதி நேரம். கட்டளைச் சொற்களெல்லாம் ஆங்கிலப் பெரிய எழுத்தில். முதல் டிராக்குக்கு 00:00:00. ப்ரீகேப் என்ற வரி எங்காவது தானாக வந்திருந்தால் அழித்துவிடுங்கள். அது அந்த இடத்தில் மௌனத்தைச் செருகும் கட்டளை. முதல் டிராக்குக்கு முந்திய 2 விநாடி மட்டும் சிடி விதி, அதை மென்பொருளே பார்த்துக்கொள்ளும். வேர்டில் தட்டச்சினால் மேற்கோள் குறி வளைந்துவிடும், நோட்பேடே நல்லது. கோப்புப் பெயரைத் தமிழில் வைத்தால் சில மென்பொருள்கள் திணறும். டிராக் தலைப்பும் அப்படியே: பிளேயர் திரையில் பாட்டின் பெயரைக் காட்டும் சிடி டெக்ஸ்ட் வசதி தமிழ் எழுத்துக்காக வடிவமைக்கப்பட்டதில்லை. பாட்டின் பெயரை ஆங்கில எழுத்தில் எழுதுவதைத் தவிர வழியில்லை.

ரைட் செய்ய விண்டோஸில் இம்ஜ்பர்ன், லினக்ஸில் கே3பி அல்லது சிடிஆர்டிஏஓ. வேவை இல்லை, கியூ கோப்பைத் திறக்க வேண்டும். முறை கேட்டால் டிஸ்க் அட் ஒன்ஸ், அதாவது முழு டிஸ்க்கையும் நிறுத்தாமல் ஒரே மூச்சில் எழுதுவது. டிராக் அட் ஒன்ஸில் ஒவ்வொரு டிராக் முடிவிலும் லேசர் நின்று மறுபடி தொடங்கும், அந்தப் பிரபலமான இரண்டு விநாடி இங்கிருந்தும் வரும். வேகம் 16 மடங்கு வைத்தால் 80 நிமிடத்துக்கு ஐந்து நிமிடமும் சில்லறையும். அவசரப்பட்டு 48-க்குப் போய் மிச்சமாவது ஓரிரு நிமிடம். யுஎஸ்பி டிரைவை ஹப்பில் மாட்டாமல் கணினியிலேயே நேராக மாட்டுங்கள்; மின்சாரம் போதாமல் பாதியில் நின்ற டிஸ்க்கைத் தேநீர்க் கோப்பை வைக்கத்தான் பயன்படுத்தலாம்.

கச்சேரிப் பதிவுக்கும் இதே வழி. ஒரு கீர்த்தனையின் கைதட்டல் அடங்கும் முன்பே அடுத்த ஆலாபனை தொடங்கியிருக்கும். நறுக்கினால் கைதட்டல் துண்டாகும்.

டிஸ்க் வந்ததும் ஹெட்போனில் ஒவ்வொரு டிராக்கின் கடைசிப் பத்து விநாடியிலிருந்து கேளுங்கள். எல்லா இணைப்பிலும் இரண்டு விநாடி மௌனம் என்றால் ரைட் முறையோ ப்ரீகேப் வரியோ. இணைப்புகளில் 'டக்' என்றால் எங்கோ நறுக்கிய கோப்பு உள்ளே புகுந்திருக்கிறது. இணைப்பில் ஒலியளவு படிபோல ஏறி இறங்கினால், மீடியா பிளேயர் வகையறாக்களில் இருக்கும் ஒலியளவைச் சமப்படுத்தும் வசதி டிராக்குக்கு டிராக் வேலை பார்த்திருக்கிறது. கணினியில் ஓடி பழைய கார் பிளேயரில் ஓடவில்லையா, போட்டது அழித்து மறுபடி எழுதும் சிடி-ஆர்டபிள்யூவா என்று பாருங்கள். அதன் பிரதிபலிப்பு ஒரே முறை எழுதும் சிடி-ஆரைவிட வெகு குறைவு, பழைய லேசருக்கு அது கண்ணிலேயே படாது.