சித்தியின் ரிப்போர்ட்டில் இருந்த 17

என் சித்திக்கு இடது மார்பில் கொண்டைக்கடலை அளவில் ஒரு கட்டி தட்டுப்பட்டிருக்கிறது. மருத்துவரிடம் காட்டக் கூச்சப்பட்டு, முழு உடல் பரிசோதனைத் தொகுப்பு ஒன்றுக்குப் பணம் கட்டி ரத்தம் கொடுத்துவிட்டு வந்தார். அந்தத் தொகுப்பில் சிஏ 15-3 என்ற டியூமர் மார்க்கர், அதாவது மார்பகப் புற்றுநோயோடு தொடர்புடைய ஒரு பொருளை ரத்தத்தில் அளக்கும் பரிசோதனையும் இருந்தது. முடிவு 17, இயல்பு அளவு மில்லிலிட்டருக்கு 30 யூனிட்டுக்குக் கீழ் என்று அருகிலேயே அச்சிட்டிருந்தார்கள். ரத்தத்திலேயே ஒன்றுமில்லை என்று நிம்மதியடைந்து, தாளை மடித்துப் பீரோவில் வைத்துவிட்டார். ஐந்து மாதம் கழித்துத்தான், கட்டியிலிருந்து சிறிது சதை எடுத்துச் சோதிக்கும் பயாப்சி நடந்தது. அதே பரிசோதனையை ஆய்வகத்தில் நாள்தோறும் செய்கிற எனக்கு, பயாப்சி முடிவு வந்த பிறகே விஷயம் தெரியவந்தது. அந்த வருத்தம் இன்னும் தீரவில்லை.

அந்த 17 தவறான எண்ணாக இருக்க வேண்டிய அவசியமே இல்லை. பால் நாளங்களின் உட்புறத்தை வரிசையாக மூடியிருக்கும் செல்களின் மேற்பரப்பில் மியூசின்-1 என்ற புரதம் இருக்கிறது. செல்கள் ஒழுங்காக அடுக்கப்பட்டிருக்கும்வரை அது நாளத்தின் உட்பக்கத்தையே பார்த்திருக்கும். புற்றுநோயில் அந்த ஒழுங்கு குலையும்போது புரதம் செல்லின் எல்லாப் பக்கங்களிலும் பரவி, உதிர்ந்து, ரத்தத்தில் சேர்கிறது. அதைத்தான் நாங்கள், அதில் ஒட்டிக்கொள்ளும் இரண்டு ஆன்டிபாடிகளுக்கு இடையே பிடித்து அளக்கிறோம். சிறிய கட்டியிலிருந்து உதிர்வது மிகச் சொற்பம் என்பதால் ஆரம்ப நிலையில் பெரும்பாலோருக்கு அளவு இயல்பாகவே வரும். புற்றுநோயே இல்லாத கல்லீரல் நோயாளிக்கு அது உயர்ந்தும் வரலாம். பரவிய நோய்க்குச் சிகிச்சை பெறுபவரைத் தொடர்ந்து கவனிக்க இந்த எண் உதவும். நோயைத் தொடக்கத்தில் கண்டுபிடிக்க அது பயன்படாது, ஆனாலும் பரிசோதனைத் தொகுப்புகளில் அதைச் சேர்த்து விற்கிறார்கள்.

ஊசி குத்திச் சதை எடுக்காமல் நோயை முன்கூட்டியே அறிய முடிந்தால் எத்தனை பெண்களின் கூச்சமும் பயமும் குறையும் என்று நினைக்கும்போது, இந்தத் துறையின் ஆராய்ச்சிகளை நான் ஆவலோடுதான் படிக்கிறேன். எச்சிலிலும் கண்ணீரிலும் மூச்சுக்காற்றிலும்கூடத் தேடுகிறார்கள். அதிக நம்பிக்கை தருவது, கட்டியின் செல்கள் மடியும்போது ரத்தத்தில் கலக்கும் டிஎன்ஏ துணுக்குகளைத் தேடும் முறை. ஆனால் ஆரம்ப நிலையில், ரத்தத்தில் மிதக்கும் ஆயிரம் துணுக்குகளில் ஒன்றுகூடக் கட்டியிலிருந்து வந்ததாக இல்லாமல் போகலாம். சாதாரண டியூப்பில் எடுத்த ரத்தத்தைச் சில மணி நேரத்துக்குள் சுழற்றிப் பிளாஸ்மாவைப் பிரிக்காவிட்டால், வெள்ளணுக்கள் உடைந்து தங்கள் டிஎன்ஏவையும் கொட்டிவிடும். பிறகு தேடியது அதற்குள் கரைந்துபோகும். 2018இல் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் குழு வெளியிட்ட கேன்சர்சீக் என்ற ரத்தப் பரிசோதனை ஆய்வில், டிஎன்ஏ மாற்றங்களையும் புரதங்களையும் சேர்த்துப் பார்த்தும், மார்பகப் புற்றுநோய் உள்ளவர்களில் சுமார் 33 சதவீதத்தினரையே கண்டறிய முடிந்தது. மரபணுக்களின் செயல்பாட்டைக் கட்டுப்படுத்தும் மைக்ரோ ஆர்என்ஏ என்ற சிறு மூலக்கூறுகளையும் ரத்தத்தில் தேடுகிறார்கள்; அதன் நிலையும் ஏறக்குறைய இதுதான். அதைக் கண்டறிந்ததற்கு 2024இல் நோபல் பரிசு கிடைத்தது. ஆனால் ரத்தம் எடுக்கும்போது சிவப்பணுக்கள் சிறிது உடைந்து சீரம் லேசாகச் சிவந்தாலே சில மைக்ரோ ஆர்என்ஏக்களின் அளவு மாறிவிடுகிறது. அப்படிச் சிவந்த டியூப்புகள் தினமும் என் மேசைக்கு வருகின்றன.

இதற்கிடையில் மும்பையில் டாடா நினைவு மருத்துவமனை 1998இல் தொடங்கிய ஆய்வை நினைத்துக்கொள்கிறேன். பயிற்சி பெற்ற பெண் சுகாதாரப் பணியாளர்கள் இரண்டாண்டுக்கு ஒருமுறை கையால் தொட்டுப் பார்த்துப் பரிசோதித்தார்கள். ஒன்றரை லட்சத்துக்கும் அதிகமான பெண்கள் பங்கேற்ற அந்த ஆய்வின் 20 ஆண்டு முடிவுகளில், 50 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களிடையே மார்பகப் புற்றுநோய் மரணம் ஏறக்குறைய 30 சதவீதம் குறைந்திருந்தது. சித்தியின் கட்டியையும் முதலில் கண்டுபிடித்தது அவருடைய விரல்கள்தாம்.

இப்போதெல்லாம் சிஏ 15-3 பரிசோதனைக்கு யார் வந்தாலும், டியூப்பில் பெயர் ஒட்டும்போதே, "மார்பில் ஏதாவது கட்டி தட்டுப்படுகிறதா அம்மா?" என்று மெதுவாகக் கேட்டுவிடுகிறேன். போன வாரம் ஒருவர் பதில் சொல்லாமல் தலையை மட்டும் அசைத்தார். கையில் கட்டியிருந்த ரப்பர் பட்டையை அவிழ்த்துவிட்டு, மார்பக எக்ஸ்ரேயான மேமோகிராம் எடுக்கும் அறைக்கு நானே அவரை அழைத்துச் சென்றேன்.