சாளை மீனும் ஆச்சிகளும்

தெருப்பூனைக்குக் கருத்தடை செய்யணும்னா கூண்டைத் தேடுவதற்கு முன்னால் ஓர் ஆச்சியைத் தேடணும். எந்தத் தெருவிலும், மீன் கழுவுகிற நேரத்துக்குப் பூனைகள் வந்து உட்காரும் வாசல் ஒன்று இருக்கும். எது சினை, எது குட்டிகளை எந்த மச்சில் ஒளித்திருக்கிறது, புதிதாக வந்த கடுவன் (ஆண் பூனை) எது என்பதெல்லாம் அந்த வாசலில் தெரிந்துவிடும். பாளையங்கோட்டையில் கால்நடை மருத்துவராக இருக்கிற எனக்குக் கல்லூரி சொல்லித்தராத பாடம் இது.

ஆச்சி முந்தின நாள் சாயங்காலமே சோற்றை நிறுத்தினால்தான் பசித்த பூனை கூண்டுக்குள் வரும். மயக்க ஊசிக்கும் வயிறு காலியாக இருக்கணும். ஆனால் சோறு வைக்காதீங்க என்று சொல்லிவிட்டு அந்த வாசலில் நிற்பது லேசு இல்லை. "எய்யா, அது பாவம் வயிறு காஞ்சு கெடக்குமே!" கூண்டின் உள்கோடியில் சாளை மீன் வைப்போம், நெத்திலிக் கருவாடும் ஆகும். மிதிபலகையில் கால் பட்டதும் கதவு விழும். அந்த நொடியே மேலே துணி போட்டு மூடணும். இருட்டானால் அடங்கிவிடும், இல்லாவிட்டால் கம்பியில் முட்டி மூக்கைக் கிழித்துக்கொள்ளும்.

பக்கத்து வீட்டுக்காரர்கள் சொல்லும் யோசனை வேறு: "சவத்து மூதிகள சாக்குல கட்டி ஆத்துக்கு அக்கரையில விட்டுட்டு வாங்க." அக்கரையில் விட்டாலும் இங்கே மீன் கழிவும் எலியும் அப்படியேதானே இருக்கும்? காலி இடத்துக்கு அடுத்த தெருப் பூனை வந்துவிடும். சினைக்காலம் 9 வாரம். 4, 5 மாதக் குட்டியே சினை பிடிக்கும். குட்டிக்குப் பால் கொடுக்கும்போதே தாய் அடுத்த சினையும் பிடித்துவிடும். பாதிப் பெட்டைகளை விட்டுவைத்தால் கொஞ்ச நாளில் பழைய கணக்குக்கே வந்துவிடும்.

கடுவனுக்குச் சின்ன வேலைதான். ஆனால் அறுவைக்குப் பின்னும் சில வாரங்கள் அதனால் சினைப்படுத்த முடியும். "ஆபரேஷன் பண்ணியும் குட்டி போட்டுட்டே" என்று வருகிறவர்களிடம் இதைச் சொன்னால் நம்புவதில்லை. பெட்டைக்குக் கருப்பையையும் சினைப்பைகளையும் எடுத்துவிட்டுக் கரையும் நூலால் தைக்கிறோம். தையல் பிரிக்க மறுபடியும் யார் பிடித்துத் தருவது? பால் கொடுக்கிற தாய் என்றால் விலாப் பக்கம் கீறுவேன். மடி தப்பும், புண்ணையும் தூரத்திலிருந்தே பார்க்கலாம். நன்றாகத் தெளிந்ததும் அதே வாசலில் கொண்டு விடணும், குட்டிகள் பசியோடு கிடக்கும்.

ஆச்சிகளிடம் நான் அதிகம் ஏச்சு வாங்குவது காதுக்காக. மயக்கத்தில் இருக்கும்போதே இடது காது நுனியைக் கிடுக்கியில் பிடித்து, சுமார் 1 செ.மீ. நேராக நறுக்கிவிடுவோம்.

"வயித்தத்தான அறுக்கச் சொன்னேன், காத யாரு அறுக்கச் சொன்னா?" என்றார் ஓர் ஆச்சி.

"காதப் பாத்தா ஆபரேஷன் ஆனது தெரியும் ஆச்சி. இல்லன்னா இன்னொரு டாக்டர் மறுபடியும் வயித்தத் தொறந்து பாப்பாரு."

சமாதானம் ஆகவில்லை. ஆனால் அதே ஆச்சிதான் இப்போது கணக்குப்பிள்ளை. போன வாரம் போன் வந்தது: "எய்யா, மச்சுல புதுசா ஒண்ணு வந்திருக்கு. காது முழுசா இருக்கு. மூணு நெறம், பெட்டையாத்தான் இருக்கும்." மூன்று நிறம் வர இரண்டு எக்ஸ் குரோமோசோம் வேண்டும், அதனால் அநேகமாகப் பெட்டைதான். ஆச்சிக்குக் குரோமோசோம் எல்லாம் தெரியாது, கண்டது அப்படி.

நாளைக்குச் சாயங்காலம் சோறு வைக்காதீங்க என்றேன். திட்ட ஆரம்பித்தார்.